டம்பிங் விசாரணைக் கேள்வித்தாள் வந்திருக்கிறது. லாபத்தில்தான் விற்கிறோம், பதில் போட்டே ஆக வேண்டுமா?

குழாய்க்கணக்கு:

எல்லோருக்கும் வணக்கம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வெல்டெட் குழாய் செய்யும் கம்பெனி ஒன்றில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். நாங்கள் சரக்கு அனுப்பும் நாடுகளில் ஒன்று, எங்கள் குழாய் உட்பட ஒரே ரகக் குழாய்கள் எல்லாவற்றின் மீதும் ஆன்டி டம்பிங் விசாரணை (இறக்குமதிச் சரக்கு நியாயமில்லாத மலிவு விலையில் வருகிறதா என்று பார்த்து, கூடுதல் வரி போடலாமா என்று முடிவு செய்வது) தொடங்கியிருக்கிறது. போன வாரம் கேள்வித்தாள் வந்தது. அச்செடுத்தால் ஒரு பழைய டெலிபோன் டைரக்டரி கனம் இருக்கிறது. ஒரு வருட விற்பனையை இன்வாய்ஸ் வாரியாகக் கேட்கிறார்கள். உள்நாட்டு விற்பனையும் வேண்டுமாம். ஒவ்வொரு சைஸுக்கும் தயாரிப்புச் செலவு வேண்டுமாம்.

முதலாளி ஒரே வரியில் முடித்துவிட்டார்: “நாம என்ன நஷ்டத்துக்கா விற்கிறோம்? லாபம் வச்சுத்தானே அனுப்புறோம். இதுல டம்பிங் எங்கேருந்து வந்தது? தூக்கி ஓரமா வை.” அந்த நாட்டுக்குப் போவது எங்கள் மொத்த விற்பனையில் பத்தில் ஒரு பங்குதான். அதனால் அவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதாகவே தோன்றுகிறது. ஆனால் பதில் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்? செலவுக் கணக்கைக் கொடுத்தால் அது போட்டிக் கம்பெனி கையில் போய்ச் சேராதா?

இன்னொரு சின்ன விஷயம். உள்ளூரில் எடை மேடையில் நிறுத்திக் கிலோ கணக்கில் விற்கிறோம். ஏற்றுமதிக்கு மீட்டர் கணக்கில் இன்வாய்ஸ் போடுகிறோம். படிவத்தில் எல்லாவற்றையும் டன்னில் கேட்கிறார்கள். சைஸ் சார்ட்டில் இருக்கும் எடையை வைத்து மாற்றிக் கொடுத்தால் போதும்தானே?


எட்டிப்பார்ப்பவன்:

உங்கள் முதலாளி சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். இதெல்லாம் அந்த நாட்டு மில்காரர்கள் தங்கள் அரசாங்கத்தைப் பிடித்துச் செய்யும் வேலை, முடிவை முன்பே எழுதி வைத்திருப்பார்கள். வரி போட்டால் சரக்கைப் பக்கத்து நாடு ஒன்றில் இறக்கி, அங்கிருந்து புதுப் பேப்பரோடு அனுப்ப வேண்டியதுதான். நிறைய பேர் செய்கிறார்கள்.


பழையலெட்ஜர்:

பதில் அனுப்புங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன், முதலில் அந்தப் படிவத்தை ஓரத்திலிருந்து எடுத்து மேஜைக்குக் கொண்டு வாருங்கள்.

ஸ்டீல் பார் செய்யும் மில்லில் 22 வருடம் காஸ்ட் அக்கவுண்ட்ஸ் பார்த்தவன் நான். இந்த மாதிரி விசாரணை மூன்று பார்த்திருக்கிறேன். முதல் தடவை எங்கள் முதலாளியும் உங்கள் முதலாளி சொன்னதைத்தான் சொன்னார், கிட்டத்தட்ட வார்த்தை மாறாமல். நாங்கள் பதில் போடவில்லை. எங்களைப் போலவே சரக்கு செய்கிற, எங்களிடமே அவ்வப்போது ரோலர் கடன் வாங்குகிற இன்னொரு மில் பதில் போட்டது. தீர்ப்பு வந்தபோது அவர்களுக்கு ஒற்றை இலக்க சதவீதம். எங்களுக்கு, ஒத்துழைக்காதவர்களுக்கு என்று வைத்திருக்கும் உச்ச விகிதம். எங்கள் ஆர்டர் எல்லாம் அவர்களிடம் போனது. வரி ஒரு தடவை விழுந்தால் சாதாரணமாக ஐந்து வருடம் நிற்கும். ஐந்தாவது வருடம் மறு ஆய்வு வைத்து, இன்னும் தேவை என்று சொன்னால் அதுவும் நீளும். பத்தில் ஒரு பங்குதானே என்று நினைக்காதீர்கள். ஒரு நாடு வரி போட்டால், அங்கே போகாத சரக்கு தங்கள் பக்கம் திரும்பும் என்று அடுத்த நாட்டு மில்காரர்களும் மனு போடுவார்கள். உலகம் முழுக்க இந்த வரி அதிகம் விழுவது இரும்பு, எஃகு, மற்ற உலோகங்கள் மேல்தான்.

அப்புறம் அந்த லாபம். இதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். டம்பிங் என்றால் நஷ்டத்துக்கு விற்பது என்று அர்த்தமில்லை. உள்நாட்டில் விற்கும் விலையைவிட வெளிநாட்டுக்குக் குறைந்த விலையில் அனுப்பினால் அது டம்பிங், அவ்வளவுதான். ஒரு டன்னுக்குச் செலவு 1,000, உள்ளூர் விலை 1,200, ஏற்றுமதி விலை 1,100 என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் லாபம். ஆனாலும் 100 டம்பிங். அதை 1,100 ஆல் வகுத்தால் 9 சதவீதத்துக்கு மேல். இந்த விகிதம் 2 சதவீதத்துக்குக் கீழே வந்தால் உங்களை விட்டுவிட வேண்டும் என்பது உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தம். அதனால் உங்கள் குறி அந்த 2 தான். “நாங்கள் லாபத்தில் விற்கிறோம்” என்று பத்துப் பக்கம் கடிதம் எழுதினாலும் அதை யாரும் படிக்கப் போவதில்லை.

செலவுக் கணக்கை ஏன் கேட்கிறார்கள் என்றால், உள்ளூரில் நீங்கள் நஷ்டத்துக்கு விற்ற சரக்கு இருக்கிறதா என்று பார்க்க. அந்த மாதிரி விற்பனை அளவில் 20 சதவீதமோ அதற்கு மேலோ இருந்து, நீண்ட காலம் அப்படியே நடந்திருந்தால், அவற்றை ஒதுக்கிவிட்டு மிச்சத்தை மட்டும் சராசரி எடுப்பார்கள். மலிவானதை எடுத்துவிட்டால் சராசரி ஏறும். அது உங்களுக்குப் பாதகம். உள்ளூர் விற்பனை ரொம்பக் குறைவு என்றால், அதாவது அந்த நாட்டுக்கு அனுப்புவதில் 5 சதவீதம்கூட இல்லையென்றால், வேறு நாட்டு விலையையோ, செலவு மேல் லாபம் கூட்டிக் கட்டிய விலையையோ வைத்துக்கொள்வார்கள்.

இனி ஒப்பீடு. இரண்டு விலையையும் தொழிற்சாலை வாசலுக்குக் கொண்டு வந்து பார்க்க வேண்டும். லாரி வாடகை, கப்பல் கட்டணம், இன்சூரன்ஸ், பேக்கிங், கமிஷன் எல்லாம் கழியும். இதில் பலரும் விடுவது கடன் நாள். உள்ளூர்க்காரர் 90 நாள் கழித்துப் பணம் தருகிறார், வெளிநாட்டுக்காரர் எல்சியில் (வங்கி பொறுப்பேற்றுப் பணம் தரும் கடிதம்) உடனே தருகிறார் என்றால், அந்த 90 நாள் வட்டியை உள்ளூர் விலையிலிருந்து கழிக்கச் சொல்லிக் கேட்கலாம். நீங்கள் கேட்டால்தான் கழிப்பார்கள். ஆதாரமும் நீங்கள்தான் தர வேண்டும்.

சரி, இப்போது நீங்கள் “சின்ன விஷயம்” என்று கடைசியில் எழுதினீர்களே, அதைப் படித்ததும்தான் இவ்வளவு எழுத உட்கார்ந்தேன்.

சைஸ் சார்ட் எடை வேண்டாம்! குழாயின் சுவர் கனம் 2 மில்லிமீட்டர் என்று சார்ட்டில் இருக்கும். உங்கள் ஷாப் ஃப்ளோரில் 2 மில்லிமீட்டருக்கா ஓட்டுகிறார்கள்? டாலரன்ஸில், அதாவது அனுமதித்த கூடுதல் குறைவில், மைனஸ் பக்கம் ஓட்டுவார்கள். எல்லா மில்லிலும் அப்படித்தான், குழாய் செய்யும் தகட்டுச் சுருளில் மிச்சம் பிடிக்கிற இடமே அதுதான். அப்போது சார்ட்படி 1,000 கிலோ என்று வரும் குழாய், நிறுத்தினால் 940 கிலோ இருக்கலாம். ஏற்றுமதி இன்வாய்ஸ் தொகை 1,000 என்றால், சார்ட் எடையில் கிலோவுக்கு 1.00. உண்மை எடையில் 1.06க்கு மேல். உள்ளூர் விற்பனையோ எடை மேடைக் கணக்கு, அதில் இந்தக் குறை இல்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் உங்கள் ஏற்றுமதி விலை 6 சதவீதம் குறைவாகத் தெரியும். டம்பிங்கே இல்லாத இடத்தில் டம்பிங் முளைத்துவிடும். 2 சதவீதத்துக்குப் போராடுகிற இடத்தில் 6ஐ நீங்களே எழுதிக் கொடுக்கிறீர்கள்.

இது ஏதோ என் கற்பனை இல்லை. ஜப்பான் ஹாட் ரோல்டு எஃகு மீது அமெரிக்கா 1999ல் வரி போட்ட வழக்கில் இதே தலைவலிதான். ஜப்பானின் இரண்டு பெரிய மில்களுக்குச் சில விற்பனை தியரிட்டிக்கல் எடையில் (நிறுத்தாமல், அளவை வைத்துக் கணக்கிட்ட எடை) இருந்தது. அதை உண்மை எடைக்கு மாற்றும் விகிதத்தை அமெரிக்க வணிகத் துறை கேட்டது. மில்கள் கெடுவுக்குள் தரவில்லை, பிறகுதான் தந்தன. தாமதம் என்று தள்ளிவிட்டு, கையில் இருந்த பாதகமான தகவலை வைத்துக் கணக்குப் போட்டார்கள். ஜப்பான் உலக வர்த்தக அமைப்புக்குப் போனது. கெடு தாண்டியது என்ற ஒரே காரணத்துக்காக அப்படித் தள்ளியது தவறு என்று 2001ல் மேல்முறையீட்டு அமைப்பு சொன்னது. ஜெயித்தார்கள், சரி. ஆனால் அந்த இரண்டு வருடம்? உங்கள் கம்பெனிக்காக உலக வர்த்தக அமைப்பு இருக்கும் ஜெனீவாவுக்குப் போக எந்த அரசாங்கம் வக்கீல் வைக்கும்?

எனவே இன்றே ஒரு வேலை செய்யுங்கள். ஏற்றுமதிக்குப் போகும் ஒவ்வொரு சைஸ், ஒவ்வொரு கனத்திலும் சில பண்டில்களை எடுத்து எடை மேடையில் நிறுத்துங்கள். பேக்கிங் மரம், ஸ்ட்ராப் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள். பழைய பேக்கிங் லிஸ்ட்டில் நிகர எடை போட்டிருந்தால், அது நிறுத்திப் போட்டதா, சார்ட்டைப் பார்த்துப் போட்டதா என்று டெஸ்பாட்ச் ஆளைக் கேளுங்கள். எங்கள் ஆள் ஏழு வருடமாகச் சார்ட்டைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார், யாரும் கேட்கவே இல்லை.

கிரேடையும், அதாவது 304, 316 என்ற ஸ்டீல் ரகங்களையும், பிரித்துவிடுங்கள். 316ல் மாலிப்டினம் உண்டு, நிக்கலும் கூட, 304ஐவிட விலை அதிகம். உள்ளூரில் 316 அதிகமாகவும் ஏற்றுமதியில் 304 அதிகமாகவும் விற்றுவிட்டு, எல்லாவற்றையும் “ஸ்டெயின்லெஸ் குழாய்” என்று ஒரே வரிசையில் போட்டால் அது பெரிய டம்பிங் போலத் தெரியும். படிவத்தில் கிரேடு, வெளிவிட்டம், கனம், ஃபினிஷ் எல்லாம் சேர்த்து ஒவ்வொரு ரகத்துக்கும் ஒரு குறியீட்டு எண் உருவாக்கச் சொல்லியிருப்பார்கள். நேரம் எடுத்துச் செய்ய வேண்டிய இடம் அதுதான்.

ரகசியம் பற்றிப் பயம் வேண்டாம். இரண்டு பிரதி கொடுப்பீர்கள். ஒன்று முழுசு, அதிகாரிகளுக்கு மட்டும் (சில நாடுகளில் எதிர்த்தரப்பு வக்கீலும் பார்க்கலாம், ஆனால் கட்சிக்காரரிடம் காட்ட மாட்டேன் என்று உறுதி கொடுத்த பிறகுதான்). இன்னொன்று எண்களை மறைத்து, 100, 104, 97 என்று குறியீடாக மாற்றியது. போட்டிக் கம்பெனி பார்ப்பது இரண்டாவதைத்தான்.

நேரம்: குறைந்தது 30 நாள் தர வேண்டும், அனுப்பிய தேதியிலிருந்து ஒரு வாரம் கழித்துத்தான் எண்ண ஆரம்பிப்பார்கள். போதாது என்று தெரிந்தால் இப்போதே காரணத்தோடு எழுதிக் கேளுங்கள். கடைசி நாள் மாலையில் கேட்டால் கிடைக்காது.


சரக்குஇறக்கி:

எட்டிப்பார்ப்பவன் சொன்ன “பக்கத்து நாடு” வேலையைத் தயவு செய்து செய்யாதீர்கள். நான் வாங்கும் பக்கம் இருப்பவன், போல்ட் நட் இறக்குமதி. சீன போல்ட்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2009ல் 85 சதவீதம் வரை வரி போட்டது. உடனே மலேசியாவிலிருந்து போல்ட் பெருக ஆரம்பித்தது. 2011ல் மலேசியாவிலிருந்து வரும் போல்ட் எல்லாவற்றுக்கும் அதே வரியை நீட்டிவிட்டார்கள். தாங்களே செய்கிறோம் என்று நிரூபித்த மலேசிய மில்களுக்கு மட்டும் விலக்கு. ஏமாற்றியவனோடு சேர்த்து, நிரூபிக்க முடியாத நேர்மையானவனுக்கும் அடி.

அந்த வழக்கு இன்னொரு வகையிலும் வேடிக்கை. சீனாவின் விலையை நம்ப முடியாது என்று சொல்லி, ஒப்பிட இந்திய மில் ஒன்றின் விலையை எடுத்தார்கள். அந்த மில் செய்தது என்ன ரக போல்ட் என்ற விவரத்தைச் சீனக் கம்பெனிகளுக்குச் சரியாகக் காட்டவில்லை. தெரியாத போல்ட்டோடு என் போல்ட்டை எப்படி ஒப்பிடுவது என்று சீனா வழக்குப் போட்டு ஜெயித்தது, 2016ல் ஒன்றியம் வரியை எடுத்தது. 2022ல் புது விசாரணை நடத்தி மறுபடி போட்டுவிட்டது, இந்தத் தடவை 86.5 சதவீதம் வரை.

வாங்குபவனின் கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் சரக்கு இறங்கும்போது கட்டுவது டெபாசிட்தான். கடைசி வரி எவ்வளவு என்பது பிறகு வரும் ஆய்வில்தான் தெரியும். எனக்குத் தெரிந்த ஒருவர் போல்ட்டை விற்று, அது கட்டடத்துக்குள்ளும் போய்விட்ட பிறகு மிச்ச வரிக்கு பில் வந்தது. அதனால் குழாய்க்கணக்கு, உங்கள் கேள்வித்தாளை உங்கள் வாடிக்கையாளரும் கவனித்துக்கொண்டிருப்பார். பதில் போடவில்லை என்று தெரிந்தால் தீர்ப்பு வரைக்கும் காத்திருக்க மாட்டார், ஆர்டரை இப்போதே நிறுத்துவார்.


உருட்டாலை:

மனு போடும் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. முடிவை முன்பே எழுதி வைத்திருப்பார்கள் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. நாங்கள் வயர் ராடுக்கு (போல்ட், கம்பி செய்யும் மூலக் கம்பி) மனு போட்டபோது, ஆதரிக்கும் மில்களின் உற்பத்தி, எதிர்ப்பவர்களுடையதைவிட அதிகமாகவும், மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 25 சதவீதத்துக்குக் குறையாமலும் இருப்பதைக் காட்ட வேண்டியிருந்தது. அந்த 25க்காகச் சின்னச் சின்ன ஆலையாக ஏறி இறங்கினோம். பாதிப் பேரிடம் மாதாந்தர உற்பத்திக் கணக்கே இல்லை. விலை சரிந்தது, லாபம் போனது, ஆள் குறைந்தது என்று வருடம் வருடமாகக் காட்டி, அது இறக்குமதியால்தான், எங்கள் ஃபர்னஸ் ரிப்பேரால் இல்லை என்றும் காட்ட வேண்டும்.

வரி கிடைத்தது. அடுத்த வருடமே எங்களிடம் வயர் ராடு வாங்கிப் போல்ட் செய்பவர்கள், மூலப்பொருள் விலை ஏறிவிட்டது, இனி இறக்குமதி போல்ட்டோடு போட்டி போட முடியாது என்று அவர்களும் மனு போடக் கிளம்பினார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.


குழாய்க்கணக்கு:

எல்லோருக்கும் நன்றி. பழையலெட்ஜர் சார், உங்கள் பதிலைப் படித்துவிட்டு நேற்று மூன்று சைஸில் நான்கு நான்கு பண்டில் நிறுத்தினோம். சார்ட்டைவிட 4.8, 5.2, 5.9 சதவீதம் குறைவு. டெஸ்பாட்சில் கேட்டேன். பேக்கிங் லிஸ்ட் எடையும் சார்ட்டிலிருந்து போட்டதுதான், நீங்கள் சொன்னது மாதிரியே.

முதலாளியிடம் கிலோ விலையை இரண்டு விதமாகவும் எழுதிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் “சரி, பதில் போடு, ஆள் வேணும்னா சொல்லு” என்றார்.

இப்போது வேறு பயம். முதல் நான்கு மாத உள்ளூர் டெலிவரி சலான்கள் பழைய சாஃப்ட்வேரில் இருக்கின்றன. லாரி வாடகையை இன்வாய்ஸ் வாரியாகப் பிரிக்கவே முடியவில்லை. இந்த ஒரு ஓட்டையைக் காட்டி மொத்தப் பதிலையும் தூக்கிப் போட்டுவிடுவார்களா? அதிகாரிகள் நேரில் சரிபார்க்க, வெரிஃபிகேஷனுக்கு வந்தால் என்னதான் பார்ப்பார்கள்?


பழையலெட்ஜர்:

ஓட்டையை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். இந்த நான்கு மாதத்துக்குப் பிரிக்க முடியவில்லை, இதுதான் காரணம், மற்ற எட்டு மாதச் சராசரியை இப்படிப் போட்டிருக்கிறோம் என்று எழுதுங்கள். அவர்களே கண்டுபிடிக்கிற ஓட்டைதான் ஆபத்து. ஸ்டீல் அதாரிட்டி ஆஃப் இந்தியாவின் எஃகு பிளேட் மீது அமெரிக்கா போட்ட வரியில், மற்ற விவரங்களில் குறை என்று சொல்லி அவர்கள் கொடுத்த அமெரிக்க விற்பனை விலையையும் சேர்த்து ஒதுக்கிவிட்டார்கள். சரியான காரணம் காட்டாமல் அந்த விலையை ஒதுக்கியது தவறு என்று 2002ல் உலக வர்த்தக அமைப்பின் குழு சொன்னது. அதாவது ஒரு பகுதி மோசம் என்பதற்காக நல்ல பகுதியைக் கண்ணை மூடிக்கொண்டு வீசக்கூடாது. ஆனால் உங்கள் நல்ல பகுதி உண்மையிலேயே நல்லதாக இருக்க வேண்டும்.

வெரிஃபிகேஷனில் முதல் நாள் ஆடிட் செய்த பேலன்ஸ் ஷீட்டைக் கேட்பார்கள். அதிலிருந்து டிரையல் பேலன்ஸ், அங்கிருந்து விற்பனை லெட்ஜர், அங்கிருந்து நீங்கள் கொடுத்த பட்டியல். இந்த நான்கும் ஒரே தொகையில் வந்து நிற்க வேண்டும். எங்களுக்கு ஒரு கிரெடிட் நோட் அடுத்த வருடத்தில் பதிவாகியிருந்தது. அதற்காக அரை நாள் போனது. அடுத்து ஏதாவது ஒரு இன்வாய்ஸை விரல் வைத்துக் காட்டுவார்கள். அதன் ஆர்டர், கேட் ரிஜிஸ்டர், எடைச் சீட்டு, கப்பல் பில், வங்கியில் பணம் வந்த வரி, டெஸ்ட் சர்டிஃபிகேட்டில் உள்ள ஹீட் நம்பர் (எஃகு உருக்கிய தொகுதியின் எண்) என்று வரிசையாகக் கேட்பார்கள். எங்கள் கேட் ரிஜிஸ்டர் பென்சிலில் எழுதியிருந்தது. வந்த அதிகாரி அதைப் பார்த்துச் சிரித்தார், ஆனால் ஏற்றுக்கொண்டார், ஏனென்றால் லாரி எண் பொருந்தியது.

எனவே இப்போதே பத்து இன்வாய்ஸை நீங்களே விரல் வைத்து எடுத்து, கடைசி வரை போய்ப் பாருங்கள். எங்கே நிற்கிறதோ அங்கே சரி செய்யுங்கள்.

நேற்று நிறுத்திய பண்டில்களின் எடைச் சீட்டில் தேதி, சைஸ், ஹீட் நம்பர் எழுதி, நிறுத்தியவரும் நீங்களும் கையெழுத்துப் போட்டு வையுங்கள். சீட்டு தெர்மல் காகிதமாக இருந்தால் இன்றே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். அதிகாரிகள் வருவதற்குள் எழுத்து மறைந்துவிடும்.